"ஐந்து மடங்கு நீரோட்டம்" என்று மாட்டிவிட்டுப் போகும் ரிட்டர்ன் நாசில்: பணம் கட்டுமுன் படியுங்கள்

ரீஃப் தொட்டியின் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) ரிட்டர்ன் குழாய்க்கு, அதாவது கீழே உள்ள சம்ப் என்னும் துணைத் தொட்டியிலிருந்து தண்ணீரைத் திரும்ப மேலேற்றும் குழாய்க்கு, எடுக்டர் நாசில் (சுற்றியுள்ள தண்ணீரையும் இழுத்துத் தள்ளும் குறுகிய முனை) வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. "பம்பை மாற்றவே வேண்டாம், நாசிலை மட்டும் மாற்றுங்கள், தொட்டிக்குள் ஓட்டம் ஐந்து மடங்காகும்" என்று சொல்லி, மாட்டித் தருவதற்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்ட ஒரு விற்பனையாளர் செய்த வேலையின் விவரம் கீழே. சம்ப் வழியே சுற்றும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. முதல் மின்தடையிலேயே கடல்நீர் தரைக்கு வந்தது. அதன் பின்விளைவாக உப்புத்தன்மையும் சரிந்தது.

அந்த வேலை நடந்த தொட்டி 120 × 60 × 60 செ.மீ., கணக்குப்படி 432 லிட்டர். சம்பையும் சேர்த்து ஓடும் தண்ணீர் ஏறக்குறைய 500 லிட்டர். ரிட்டர்ன் பம்பின் அதிகபட்ச ஏற்றம் (பம்ப் தரும் அழுத்தம், தண்ணீர் ஏறும் உயரமாகச் சொல்வது) 3 மீட்டர். சம்பின் நீர்மட்டத்துக்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இடையே 1.3 மீட்டர். குழாய் 25 மி.மீ., முனையில் 19 மி.மீ. உள்விட்டத்தில் திறந்த வாய். பழைய வாயைத் தொட்டி நீர்மட்ட உயரத்தில் வைத்து வாளியில் பிடித்தபோது 10 லிட்டர் நிறைய 18 விநாடி ஆனது. அதாவது மணிக்கு 2,000 லிட்டர், தொட்டிக் கொள்ளளவில் 4.6 மடங்கு. சம்ப் வழிச் சுற்றுக்கு 3 முதல் 5 மடங்கு போதும் என்பதே பலரும் கடைப்பிடிக்கும் அளவு. ஆக, அங்கே சரிசெய்ய எதுவுமே இல்லை. பாறைக்குப் பின்னால் கழிவு படிந்ததுதான் குறை. அது வேவ்மேக்கரின் (தொட்டிக்குள்ளேயே தண்ணீரை அலைக்கும் சிறு பம்ப்) இடத்தை மாற்றித் தீர்க்க வேண்டியது. விற்பனையாளர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

புதிய நாசிலை மாட்டியபின் அதே வாளி, அதே உயரம்: 28 விநாடி. மணிக்குச் சுமார் 1,290 லிட்டர்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதைத் தெரிந்துகொண்டால் எந்த விற்பனையாளரும் உங்களை ஏமாற்ற முடியாது. வந்த எடுக்டரின் உள்துளை 10 மி.மீ. 19 மி.மீ. வாய் வழியாக மணிக்கு 2,000 லிட்டர் போகும்போது வேகம் விநாடிக்கு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு; அந்த வேகத்தைக் கொடுக்கப் பம்ப் செலவிடும் ஏற்றம் வெறும் 20 செ.மீ. அதே தண்ணீரை 10 மி.மீ. துளையில் தள்ள வேண்டுமானால் வேகம் 7 மீட்டர், அதற்கு மட்டும் 2.5 மீட்டர் ஏற்றம் தேவை. தண்ணீரை மேலே தூக்க ஏற்கெனவே 1.3 மீட்டர் போகிறது. கூட்டினால் 3.8 மீட்டர், பம்பிடம் இருப்பதோ 3 மீட்டர், அதுவும் ஓட்டமே இல்லாத நிலையில். அதனால் பம்ப் தன்னால் முடிந்த இடத்துக்கு இறங்கி நின்றுகொள்ளும். துளையின் விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி. அதே தண்ணீர் போக வேகம் நான்கு மடங்கு, ஏற்றம் பதினாறு மடங்கு. விளம்பரப் படங்களில் இந்தக் கணக்கு வராது.

"ஐந்து மடங்கு" என்பது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, அதனால்தான் பலரும் நம்புகிறார்கள். எடுக்டரின் குறுகிய துளையிலிருந்து பாயும் தண்ணீர், பக்கவாட்டுத் திறப்புகள் வழியாகத் தொட்டித் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். இழுக்கப்பட்டதையும் சேர்த்து எண்ணினால் நாலைந்து மடங்கு என்று சொல்லலாம். ஆனால் சாதாரணத் திறந்த குழாயிலிருந்து பாயும் தாரையும் சுற்றியுள்ள தண்ணீரை இழுக்கத்தான் செய்கிறது. வட்ட வாயிலிருந்து தடையின்றிப் பாயும் தாரையில், ஓரிடத்தில் நகரும் மொத்தத் தண்ணீர், கிளம்பிய தண்ணீரைப்போல் 0.32 × (தூரம் ÷ வாய் விட்டம்) மடங்கு. 19 மி.மீ. வாயிலிருந்து 38 செ.மீ. தள்ளிப் பாருங்கள், ஆறு மடங்கு வந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கியது ஏற்கெனவே சும்மா கிடைத்துக்கொண்டிருந்ததுதான்.

ஒப்பிட வேண்டியது உந்துதலை, அதாவது விநாடிக்கு வெளியேறும் தண்ணீரை வேகத்தால் பெருக்கி வருவதை. இந்தத் தொட்டியில் அது முன்பு இருந்ததைப்போல் ஒன்றரை மடங்கு ஆனது, உண்மை. அதற்கு ஈடாக சம்புக்குப் போகும் தண்ணீரில் மணிக்கு 700 லிட்டருக்கு மேல் குறைந்து போயிற்று. ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி), ஹீட்டர், ரிஃப்யூஜியம் (பாசி வளர்க்கும் தனி அறை) எல்லாமே அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. கூடிய உந்துதலும் ஒரே திசையில்; எதிரே இருக்கும் பவளத்தின் தசையை நாள் முழுக்க அறைந்துகொண்டிருக்கும். 10 முதல் 20 வாட் எடுக்கும் ஒரு வேவ்மேக்கர் மணிக்குப் பல ஆயிரம் லிட்டரை அகலமாகவும் மெதுவாகவும் நகர்த்தும். அதிக அழுத்தம் தரும் பம்பும் தனி மூடிய சுற்றும் (சம்புக்குப் போகாமல் தொட்டித் தண்ணீரையே சுற்றவைப்பது) இருந்தால் எடுக்டர் அருமையாக வேலை செய்யும். அந்தப் பொருள்மேல் எனக்குக் குறையில்லை. குறைந்த அழுத்தப் பம்புக்கு அதை விற்றதுதான் ஏமாற்று வேலை.

குறையைச் சொன்னபோது வந்த பதில், "உங்கள் பம்ப் வலுவில்லாதது, பெரியது வாங்குங்கள்". இதற்கு மசிந்துவிடாதீர்கள். இந்த நாசிலோடு 1,290 லிட்டரை 2,580 ஆக்க வேண்டுமானால், துளையில் மட்டும் 4 மீட்டருக்கு மேல் ஏற்றம் செலவாகும். தூக்கும் உயரமும் குழாய் உராய்வும் சேர்ந்தால் 6 மீட்டரை நெருங்கும். அப்படிப்பட்ட பம்பை மாட்டிய பிறகு ஒருநாள் நாசிலைக் கழற்றினால், ஓவர்ஃப்ளோ வடிகால் (தொட்டியிலிருந்து சம்புக்குத் தண்ணீர் இறங்கும் வழி) தாங்க முடியாத தண்ணீர் மேலே வரும்.

இதைவிட மோசமானது சைஃபன் தடுப்புத் துளையை அடைத்தது. பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் ரிட்டர்ன் குழாய் வழியே தானாகச் சம்புக்குத் திரும்பி இறங்குவதுதான் சைஃபன். ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்கு ஒட்டிக் கீழே 5 மி.மீ. துளை ஒன்று இருந்தது. பம்ப் நின்றதும் நீர்மட்டம் அந்தத் துளைக்குக் கீழே இறங்கும், காற்று புகும், சைஃபன் அறுந்துவிடும். "இதில் அழுத்தம் வீணாகிறது" என்று அதைப் பசை வைத்து மூடிவிட்டு, கீழே ஒரு செக் வால்வை (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டுவிட்டுப் போனார்கள். நாசிலும் ஆழத்துக்கு இறங்கியது. அதன் பக்கத் திறப்பு நீர்மட்டத்துக்கு 9 செ.மீ. கீழே. செக் வால்வை மட்டும் நம்பவே கூடாது. மணல், சிறு நத்தை, சுண்ணப்பாசி, எது சிக்கினாலும் மடல் முழுதாக மூடாது. இங்கே சிக்கியது அவர்கள் குழாயை அறுத்தபோது உள்ளே விழுந்த பி.வி.சி. துருவல்.

கணக்கைப் பாருங்கள். 120 × 60 செ.மீ. தொட்டியில் ஒரு செ.மீ. தண்ணீர் 7.2 லிட்டர். 9 செ.மீ. இறங்கினால் 65 லிட்டர். சம்பில் காலியாக இருந்த இடம் 75 × 40 × 12 செ.மீ., 36 லிட்டர்தான். மீதி 29 லிட்டர் தரையில். மின்சாரம் திரும்பியதும் பம்ப் தண்ணீரை மேலே ஏற்ற, சம்ப் மட்டம் குறைந்ததைக் கண்ட தானியங்கி நீர்நிரப்பி, அது ஆவியான தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு 29 லிட்டர் ஆர்.ஓ. நீரை ஊற்றிவிட்டது. 35 பி.பி.டி.யில் (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்த உப்புத்தன்மை 33க்கு வந்தது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் முதலில் நீர்நிரப்பியின் இணைப்பைப் பிடுங்குங்கள். உப்பை நேராகக் கொட்டாதீர்கள். ஆவியாகும் அளவுக்கு 35 பி.பி.டி. உப்புநீரையே சில நாள் ஊற்றி, ஒரு நாளைக்கு 1 பி.பி.டி.க்கு மேல் ஏறாமல் கொண்டுவாருங்கள்.

மரை விஷயமும் உண்டு. பல்க்ஹெட்டின் (தொட்டிச் சுவரில் குழாய் நுழையும் இணைப்பு) மரை பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் அளவு), வந்த நாசிலின் மரை என்.பி.டி. (அமெரிக்க அளவு). முக்கால் அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை என்பதால் சில சுற்றுக்கு ஒழுங்காகவே ஏறும். ஆனால் பி.எஸ்.பி. மரையின் கோணம் 55 டிகிரி, என்.பி.டி.யுடையது 60, என்.பி.டி. கூம்பாகவும் இருக்கும். டெஃப்லான் டேப்பைத் தடியாகச் சுற்றி முறுக்கினால் அப்போதைக்கு ஒழுகாது, பிளாஸ்டிக் பல்க்ஹெட் கொஞ்ச நாளில் விரியும். கையால் நாலைந்து சுற்று ஏறி, பிறகு திடீரென்று இறுகினால் நிறுத்திவிடுங்கள்.

நாசிலைத் திருகிப் பிரித்தால் உள்ளே பித்தளை மரை வளையம் பதித்திருந்தது. பித்தளையின் பெரும்பங்கு செம்பு. இறால், நத்தை, பவளம் எதற்கும் அது ஆகாது. கடல்நீர்த் தொட்டிக்கு விற்கும் பொருளில் மஞ்சள் உலோகம் எங்கே தெரிந்தாலும் தண்ணீருக்குள் விடாதீர்கள். ஏற்கெனவே விட்டிருந்தால் எடுத்துவிட்டு, செம்புச் சோதனைக் கிட்டால் பார்த்து, செம்பு உறிஞ்சும் ரெசினை ஃபில்டரில் போடுங்கள்.

சரியான வேலை இதைவிட எளிது. குழாயின் உள்விட்டத்தை நாசில்வரை குறைக்காமல் கொண்டுபோங்கள். இரண்டு திசை வேண்டுமானால் ஒய் பிரிப்பான் போட்டு, இரண்டு வாய்களின் பரப்பையும் கூட்டினால் பழைய ஒற்றை வாயின் பரப்புக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பு அலைய ஒன்று சற்று மேல்நோக்கி, இன்னொன்று கண்ணாடியை ஒட்டி நீளவாக்கில். தட்டையான வாய் என்றால் அதன் இடுக்கின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பரப்பைக் கணக்கிடுங்கள். 90 டிகிரி எல்போ ஒவ்வொன்றும் குழாய் விட்டத்தைப்போல் 30 மடங்கு நீளமுள்ள நேர்குழாயின் உராய்வைக் கொடுக்கும், 25 மி.மீ. குழாயில் அது முக்கால் மீட்டர். முடிந்த இடத்தில் இரண்டு 45 போடுங்கள். டி.சி. பம்பின் ஓட்டத்தை வால்வால் நெரிக்காமல் கன்ட்ரோலரில் குறையுங்கள்.

வாயை நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே வைத்தால் இந்தத் தொட்டியில் திரும்பி வருவது 22 லிட்டர்தான், சம்ப் தாங்கும். அதற்கும் மேலே ஏற்றினால் காற்றை இழுத்து நுண்குமிழி கிளப்பும். தடுப்புத் துளையைப் பாசி அடைக்கும் என்பதால் இரண்டாகப் போட்டு, வாரம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிடுங்கள். தாரை தானாகத் திசைமாறும் வகை நாசில்கள் நல்லவையே. அவற்றுக்கும் குறைந்தபட்ச ஓட்டம் உண்டு. அது கிடைக்காவிட்டால் ஒரே பக்கம் பாய்ந்துகொண்டிருக்கும். முழுதாக மூழ்கியிருக்கவும் வேண்டும் என்பதால் அங்கே தடுப்புத் துளை கட்டாயம். சுண்ணப்பாசி படிந்தால் கழற்றி சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவையுங்கள்.

வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: உள்துளை எத்தனை மி.மீ.? எந்த அழுத்தத்தில் எவ்வளவு ஓட்டம் என்ற அட்டவணை உண்டா? மரை எந்த வகை? பதில் "எல்லாப் பம்புக்கும் பொருந்தும்" என்று வந்தால் விலகிவிடுங்கள். மாட்ட ஆள் வந்தால் முன்னும் பின்னும் வாளிச் சோதனையை அவர் முன்னிலையிலேயே காணொளியில் பிடியுங்கள். பிறகு பம்பை நிறுத்தி, தண்ணீர் இறங்குவது தானாக நிற்கும்வரை சம்பின் பக்கத்திலேயே நில்லுங்கள். அதற்குப் பிறகு மீதிப் பணம். இங்கே "பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று கைவிரித்துவிட்டார்கள். வாளிச் சோதனையின் காணொளியும், "ஐந்து மடங்கு" என்று எழுதிய விளம்பரத்தின் படமும், பித்தளை வளையத்தின் படமும் சேர்த்துப் பணம் செலுத்திய சேவையிடம் முறையீடு போயிருக்கிறது. இதே பொருளை வாங்கியவர்கள் கழற்றி எறிந்துவிடாமல், உள்துளையை அளந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.