கடைசி ரவுண்டு அடிக்கு 45 கிலோ குத்துச்சண்டைப் பை போதுமா?

ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் 1941-ல் பில்லி கானை வீழ்த்தியது 13-வது ரவுண்டில். ஜார்ஜ் ஃபோர்மேன் 1994-ல் மைக்கேல் மூரரைச் சாய்த்தது 10-வதில், அதுவும் 45 வயதில்! அப்படிக் கடைசிவரை நிற்கும் அடியைப் பழக இந்த 45 கிலோ பை நல்ல துணை. 30 கிலோ பை ஹெவிவெயிட் அடிக்கு ஊஞ்சலாடும். அது திரும்பி வரும்வரை கிடைக்கும் ஓசி ஓய்வில்தான் பயிற்சி கெடுகிறது.

உள்ளே துணித்துண்டுகள். நாளாக ஆக அவை கீழே இறங்கி அடிப்பாகம் கல்லாகும், மேல்பாகம் தொளதொளக்கும். தாழ்வாகக் குத்தும்போது மணிக்கட்டு மடங்குவது இதனால்தான். ஜிப்பைத் திறந்து, உதிர்த்து, அடுக்கடுக்காக அழுத்தி நிரப்புங்கள். மணல் வேண்டவே வேண்டாம். சங்கிலியில் ஸ்விவல் (பை முறுக்காமல் சுழல விடும் இணைப்பு) கிடையாது. அதைத் தனியாக வாங்கி மாட்டாவிட்டால் கொக்கி தேயும்.

3 நிமிட ரவுண்டு, 1 நிமிட ஓய்வு, மொத்தம் 8. கையுறை 16 அவுன்ஸ். முதல் ஆறில் ஜாப் (முன்கையால் நேராக விடும் வேகக் குத்து) அதிகம், பாதி பலம். கடைசி இரண்டில் நிமிடத்துக்கு 10 விநாடி முழு பலம். கால் சோர்ந்தால் பின்கால் திரும்பாது, அடி தோளிலிருந்து மட்டும் வரும். 'தொப்' சத்தம் போய், பை தள்ளப்பட்டு ஆடும். அப்போதே நிறுத்திவிடுங்கள்.