அட்டையா, செல்பேசியா, லேபா?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து அரசுப் பள்ளி மாணவர் கணினி அறிவியலைத் தனிப் பாடமாக எடுப்பது 11-ஆம் வகுப்பில்தான். முதல் ஆண்டில் சி++, மறு ஆண்டில் பைத்தான்; இரண்டும் கணினிக்குக் கட்டளை எழுதும் நிரல்மொழிகள். டைல்ஸ் பட்டறைக்கோ கல்யாணச் சமையலுக்கோ கூலிக்குப் போகும் பெற்றோரின் பிள்ளை, வீட்டில் கணினியே பழகாமல் அந்த வகுப்பில் வந்து உட்கார்ந்தால் மிரளத்தான் செய்யும். ஆகவே 6 முதல் 8 வரையிலான வகுப்புகளிலேயே ஆர்வத்தை ஊட்ட வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, நியூசிலாந்தின் டிம் பெல்லும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய, கணினியே இல்லாமல் கணினி அறிவியல் கற்பிக்கும் முறை. 1, 2, 4, 8, 16 புள்ளிகள் இட்ட ஐந்து அட்டைகளைத் திறந்தும் மூடியும் 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டிவிடலாம்; 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எண்களை எழுதும் இரும எண்முறை அதற்குள் புரிந்துவிடும். நம் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஆத்தங்குடி டைல்ஸில் இருக்கிறது. ஒரு மூலையில் கால்வட்டம் வரைந்த நான்கு சதுர அட்டைகளைச் சரியாகத் திருப்பி அடுக்கினால் நடுவில் முழு வட்டம் விழும். "அட்டையை வை, அடுத்த இடத்துக்கு நகர், கால் சுற்று திருப்பு, இதை நான்கு முறை செய்" என்று ஒரு மாணவி எழுத, இன்னொருத்தி எழுதியபடியே செய்ய வேண்டும். "நகர்" என்பதை விட்டுவிட்டால் நான்கு அட்டைகளும் ஒரே இடத்தில் குவியும். பிழை எங்கே என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதே இல்லை. செலவு, ஒரு சார்ட் தாள். ஆனால் ஆண்டு முழுவதும் இதையே நடத்துவதை நான் ஏற்க மாட்டேன். வசதியுள்ள பிள்ளைக்குக் கணினி, இல்லாத பிள்ளைக்கு அட்டை என்றாகிவிடும்.

இரண்டாவது, செல்பேசியில் பைத்தான். வீட்டிலிருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. கிடைத்தாலும், வரித்தொடக்கத்தில் விடும் இடைவெளியைக்கூடக் கணக்கில் எடுக்கும் மொழியை அந்தச் சின்னத் திரையில் தட்டுவது பெரியவர்களுக்கே எரிச்சலூட்டும்.

மூன்றாவது, பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில், பிள்ளைகளுக்கான நிரல்மொழி ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட இந்த இலவச மென்பொருளை ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் கட்டங்களாக இழுத்து ஒட்டலாம். அட்டையில் அடுக்கிய அதே வட்டத்தை இங்கே திரையில் வரையச் செய்தால், காகிதத்தில் கற்றது வீணாகாது. சிக்கல் மவுஸ் யார் கையில் என்பதில்தான். ஒரு கணினிக்கு மூன்று பேர் என்றால், வீட்டில் ஏற்கெனவே பழகியவனே கடைசிவரை பிடித்திருப்பான். மற்ற இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள். இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் சொல்ல மற்றவர் இயக்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றுவதே சரி.

என் தேர்வு மூன்றாவதுதான். அதற்கு முன் இரண்டு மூன்று வாரம் அட்டை. மவுஸ் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் லேபைப் பூட்டியே வைத்திருக்கும் பள்ளியென்றால், தலைமையாசிரியரிடம் முதலில் பேச வேண்டியது சாவியைப் பற்றி.