செஸ்னா 152: பழகிப் பார்த்ததில்

பைலட் பயிற்சிக்கு எந்த விமானம் நல்லது என்று கேட்டால் பலரும் டிஜிட்டல் திரை வைத்த புது மாடலைத்தான் காட்டுவார்கள். என் ஓட்டு இன்னும் செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கை விமானத்துக்குத்தான். 1985-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் எஞ்சின் என்ன செய்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் விமானம் குறைவு.

எஞ்சின் லைகாமிங் ஓ-235, நான்கு சிலிண்டர், சுமார் 3.8 லிட்டர், வெறும் 110 குதிரைத்திறன். கார் ஓட்டுபவர்கள் சிரிப்பார்கள். கியர் இல்லாமல் கிராங்க் ஷாஃப்டிலேயே புரொபெல்லர் நேராக மாட்டியிருப்பதால் 2550 ஆர்பிஎம்தான் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) உச்சம், அதனால்தான் திறனும் குறைவு.

ஒருமுறை நடுவானில், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் படுத்துவிட்டது. பேட்டரியை மிச்சம் பிடிக்க ரேடியோ தவிர மற்றதையெல்லாம் அணைத்தோம். எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை. காரணம் மேக்னட்டோ: எஞ்சின் சுற்றும்வரை தானே மின்பொறி தரும். சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் இரண்டு மேக்னட்டோ. ரன்-அப்பில், அதாவது பறக்கும் முன் தரையில் செய்யும் எஞ்சின் சோதனையில், 1700 ஆர்பிஎம்மில் வைத்து ஒவ்வொன்றாக அணைத்தால் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்க வேண்டும். 125-க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. சுத்தமாக இறங்கவே இல்லையென்றால் புது மாணவர்கள் சந்தோஷப்படுவார்கள். அதுதான் ஆபத்து. மேக்னட்டோவை அணைக்கும் எர்த் வயர் அறுந்திருக்கலாம். அப்படியானால் சாவியை எடுத்த பிறகும் அந்த மேக்னட்டோ உயிரோடுதான் இருக்கும், புரொபெல்லரைக் கையால் அசைத்தாலே எஞ்சின் உதறிக்கொண்டு சுற்றலாம்.

அடுத்து கார்புரேட்டர் ஹீட்: காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்காமல் சூடான காற்றை விடும் ஏற்பாடு. வெயில் ஊரில் ஐஸ் எங்கே வரும் என்று கேட்காதீர்கள். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் வெப்பம் 30 டிகிரிக்கு மேல்கூட சரியும். காற்றில் ஈரம் இருந்தால் போதும். கார்புரேட்டர் ஹீட் குமிழை இழுத்ததும் ஆர்பிஎம் விழும். உள்ளே ஐஸ் இருந்தால், உருகும் தண்ணீரைக் குடித்து எஞ்சின் இருமும், அப்புறம் ஆர்பிஎம் மெல்ல ஏறும். அந்த இருமலுக்குப் பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிடக் கூடாது. தரையில் மட்டும் அதிகம் வேண்டாம், அந்தச் சூடான காற்று ஃபில்டர் வழியாக வருவதில்லை.

குறைகள்? எரிபொருள் முள்ளை நான் நம்புவதே இல்லை. டாங்க்கில் குச்சி விட்டுத்தான் பார்ப்பேன். இரண்டு பேரும் கனமான ஆட்கள் என்றால் டாங்க்கை முழுதாக நிரப்ப முடியாது. ஏப்ரல் மதியத்தில் மேலே ஏறுவதற்குள் பொறுமை போய்விடும்.

செஸ்னாவின் இன்னொரு விமானமான 172எஸ் மாடலில், கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை நேராகப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் என்பதால் கார்புரேட்டர் ஹீட் தொல்லை இல்லை. ஆனால் சூடாக நிறுத்திய எஞ்சினை உடனே மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள், குழாயில் பெட்ரோல் ஆவியாகி அது பிடிக்கும் அடம் தனி ரகம்.