டிசிஎஸ் வேர்ல்டில் எஃப்/ஏ-18சி ஹார்னெட்: எட்டு மாதம் பறந்த பிறகு

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கணினி விமானச் சிமுலேட்டரில் ஹார்னெட் போர்விமானத்தை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதிரியை விட்டுவிட்டுத் திரும்பி வர உங்களுக்கு மனம் வருமா? வரும் என்றால் தாராளமாக வாங்குங்கள். வராது என்றாலும் வாங்கலாம், இதுவே வரவழைத்துவிடும். எட்டு மாதமாக வாரத்துக்கு மூன்று இரவு பறக்கிறேன். ஏவுகணையை ஏவக் கற்றது சில நாட்களில். எப்போது ஏவக்கூடாது, எப்போது முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று கற்கத்தான் மற்ற நாட்களெல்லாம் போயின.

அடிப்படை விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசிஎஸ் வேர்ல்டின் அடிப்படைப் பகுதி இலவசம். காகசஸ், மரியானா நிலப்பரப்புகளும், எஸ்யூ-25டி தாக்குதல் விமானமும், ஆயுதமில்லாத டிஎஃப்-51டி மஸ்டாங் பயிற்சி விமானமும் அதோடு வந்துவிடுகின்றன. மற்றவற்றைத் தனித்தனியாக வாங்க வேண்டும். ஹார்னெட் இந்தச் சிமுலேட்டருக்கு 2018இல் வந்தது. வாங்குவதற்கு முன் எஸ்யூ-25டியில் இரண்டு வாரமாவது பறந்து பாருங்கள். அதில் வான்சண்டைக்கான ரேடார் கிடையாது. ஆனால் நேராகப் பறப்பதும், எதிர்க்காற்றில் தரையிறங்குவதும் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஹார்னெட்டில் இன்ஜினை உயிர்ப்பிப்பதே ஒரு பாடம். பேட்டரியைப் போட்டு, துணை இன்ஜினை ஓடவிட்டு, பச்சை விளக்கு எரிந்ததும் வலது இன்ஜினைச் சுழற்ற வேண்டும். சுழற்சி ஏறுவதைச் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்து, பத்து விழுக்காட்டைத் தாண்டியதும் இன்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் திறந்தால், எரிபொருள் பற்றிக்கொள்ளும் உறுமல் ஹெட்செட்டில் அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல் கேட்கும். அதன்பின் விமானம் தான் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். தனியாக ஆடும்போது இந்தக் காத்திருப்பைச் சுமையாக நினைத்தேன். பலரோடு சேர்ந்து பறக்கத் தொடங்கியதும், அந்தச் சில நிமிடத்தில்தான் யார் எந்த உயரத்தில் போவது, எரிபொருள் எவ்வளவு மிஞ்சும்போது திரும்புவது என்று பேசிக்கொள்கிறோம். எனக்கு இப்போது மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

தரையிறக்கம் என்னை நீண்ட நாள் படுத்தியது. மூக்கைச் சாய்த்தால் விமானம் இறங்கும், தூக்கினால் ஏறும் என்றுதான் என் கைகள் பழகியிருந்தன. ஹார்னெட் அந்தப் பழக்கத்தை ஏற்காது. 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகத்துக்குக் கீழே வந்து சக்கரங்களை இறக்கிய பிறகு, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை 8.1 பாகையில் நிறுத்த வேண்டும். பக்கத்திலிருக்கும் சிறிய விளக்கில் மஞ்சள் வட்டம் எரிந்தால் கோணம் சரி. அதற்குமேல் மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கைக் கிட்டத்தட்ட மறந்துவிட வேண்டும்; உயரம் த்ராட்டிலின் கையில். கொஞ்சம் தள்ளினால் மிதக்கும், கொஞ்சம் இழுத்தால் அமரும். ஓர் இரவு, பத்தாவது முயற்சியிலோ பதினோராவதிலோ, என் இடது கை தானாகவே மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். நான் எதுவும் யோசிக்கவில்லை. மஞ்சள் வட்டம் அணையாமல் எரிந்தது.

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவது இதன் அடுத்த படி. தொட்ட கணத்தில் த்ராட்டிலை முழுதாக முன்னே தள்ள வேண்டும். விமானத்தின் கொக்கி, கப்பல் தளத்தில் கட்டியிருக்கும் கம்பியைப் பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் மீண்டும் எழ வேண்டுமே! நிற்க நினைக்கிற நொடியில் பறக்கத் தயாராவது உடம்புக்கு ஒவ்வாத செயல். பழகிவிட்டால் அதைப்போல ஓர் இன்பம் இல்லை.

சண்டைக்கு வருகிறேன். கணினியே ஓட்டும் எதிரி விமானங்கள் எளிமைப்படுத்திய பறத்தல் விதிகளின்படி பறப்பவை. அவற்றோடு பழகினால் கெட்ட பழக்கம்தான் ஒட்டும். எதிரே மனிதர் இருக்க வேண்டும். எங்கள் ஜோடியில் முன்னே பறப்பவரை லீட் என்போம். அவர் என்னைவிட மூத்தவர், பொறுமைசாலி. முதல் மாதம் பீரங்கி மட்டும்தான், ஏவுகணை கூடாது என்றார். இருவரும் எதிரெதிரே கடந்ததும் சண்டை தொடங்கும். ஒவ்வொரு முறையும் நான் ஸ்டிக்கை வயிறுவரை இழுப்பேன், கண் இருளும், இருள் விலகும்போது வேகம் 180 நாட்டுக்கு விழுந்திருக்கும், அவர் என் தலைக்குமேல் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருப்பார்.

“நீங்கள் என்னைத் துரத்தவில்லை. கையிலிருந்ததையெல்லாம் முதல் திருப்பத்திலேயே செலவழித்துவிட்டீர்கள்” என்றார் ஒருநாள்.

வேகமும் உயரமும் ஒரே கையிருப்பின் இரண்டு வடிவங்கள், ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கலாம் என்பதை 1960களில் ஜான் பாய்ட் என்ற அமெரிக்க விமானி, கணிதம் அறிந்த தாமஸ் கிறிஸ்டியோடு சேர்ந்து கணக்காக வகுத்தார். அதை நான் முன்பே படித்திருந்தேன். ஆனால் படித்தது கைக்கு இறங்கியது அந்த ஒரு மாதத்தில்தான். ஹார்னெட் குறைந்த வேகத்திலும் மூக்கைச் சட்டென்று திருப்பும்; அதுவே அதன் பலமும் பொறியும். திருப்பிவிட்டுச் சுடத் தவறினால், எஃப்-16 போன்ற விமானம் மேலே ஏறிப் போய்விடும். பின்னால் ஏற உங்களிடம் ஒன்றும் மிச்சமிருக்காது.

தொலைதூரச் சண்டைதான் இந்தச் சிமுலேட்டரின் உயிர். அம்ராம் ஏவுகணையின் மோட்டார் சில நொடிகளே எரியும். பிறகெல்லாம் சேர்த்த வேகத்தில் போவதுதான். காற்று மெலிந்த உயரத்தில் வெகுதூரம் போகும். தாழ்வான, அடர்ந்த காற்றில் சீக்கிரம் களைத்துவிடும். அதன் சொந்த ரேடார் விழிக்கும்வரை ஏவியவரின் ரேடார்தான் அதற்கு வழி சொல்ல வேண்டும். இந்த மூன்று உண்மைகளிலிருந்து மற்ற தந்திரங்கள் எல்லாம் பிறக்கின்றன: உயரத்தில் ஏவு, ஏவியபின் எதிரியை ரேடாரின் விளிம்பில் வைத்துச் சாய்ந்து போ, எதிரியின் ஏவுகணை வந்தால் கீழே இறங்கி ஓடு.

ஓர் இரவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நாங்கள் 30,000 அடியில். எதிரி ரேடாரைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கைக் கருவியின் வட்டத்தில் 16 என்ற எண் மினுங்கியது: எஃப்-16. சுமார் 25 கடல் மைலில் “ஃபாக்ஸ் த்ரீ” என்று, அம்ராமை ஏவும்போது சொல்லும் குறிச்சொல்லைச் சொல்லி ஏவினேன். சாய்ந்தேன். என் ஏவுகணை தானே பார்க்கத் தொடங்க எத்தனை நொடி என்று திரையில் எண் குறைந்துகொண்டே வந்தது. பத்து, ஒன்பது, எட்டு. ஏழில் லீட்டின் குரல்: “திரும்புங்கள்.”

ஏழு நொடி! பொறுத்தால் எதிரியின் கதை முடிந்தது என்று மனம் அடித்துக்கொண்டது. முன்பெல்லாம் பொறுத்திருப்பேன், எரிந்தும் போயிருப்பேன். அன்று விமானத்தைக் கவிழ்த்து, மூக்கைத் தரையை நோக்கி இழுத்து, இன்ஜினுக்குக் கூடுதல் உந்துதல் தரும் ஆஃப்டர்பர்னரைத் தட்டினேன். பாதித் திருப்பத்தில் வட்டத்தில் எம் என்ற எழுத்து தோன்றியது. ஏவுகணை விழித்துவிட்டது. 20,000, 15,000, 9,000 அடி. உயரமானியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. எம் ஒருமுறை துடித்து, மறைந்தது. ஹெட்செட்டில் என் மூச்சு மட்டும் கேட்டது.

பறந்து முடித்தபின் பறத்தல் பதிவுகளைத் திரும்பக் காட்டும் டேக்வியூ மென்பொருளில் பதிவைப் போட்டுப் பார்த்தோம். எதிரியின் ஏவுகணை எனக்குப் பின்னால் 400 மீட்டரில், என்னைவிடக் குறைந்த வேகத்தில், தலை சாய்ந்து விழுந்தது. என்னுடையதைத் தேடினேன். அதுவும் அப்படியே விழுந்திருந்தது, ஏனென்றால் எதிரே இருந்தவரும் நான் திரும்பிய அதே நொடிகளில் திரும்பியிருந்தார். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று நோக்கி வந்து, ஒரே சமயத்தில் வளைந்து விலகிப் போயின. அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஒருவர் அந்த ஏழு நொடியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

பேச்சு இல்லாமல் இதெல்லாம் நடக்காது. எஸ்ஆர்எஸ் என்ற இலவச வானொலி மென்பொருளைக் கட்டாயம் நிறுவுங்கள். உண்மை வானொலிபோல அலைவரிசை மாற்றிப் பேசலாம். திசை, தூரம், உயரம், எதிரி வருகிறாரா போகிறாரா என்ற நான்கையும் அதே வரிசையில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதம் எதிரே இருப்பவர் நம்மவரா என்று அடையாளம் கேட்கும் பொத்தானை அழுத்தாமல் அவசரப்பட்டு ஏவி, எங்கள் அணியிலேயே ஒருவரை வீழ்த்திவிட்டேன். ஒன்றரை மணி நேரம் பறந்து, குண்டுபோட்டு, பத்திரமாகத் திரும்பிக்கொண்டிருந்தவர் அவர். மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து கேள்வி இரண்டு முறை, பிறகுதான் ஏவுதல்.

குறைகளும் உண்டு. நிலப்பரப்புகளைக் கூட்டக் கூட்ட இது நூறு ஜிபியைத் தாண்டி இடம் பிடிக்கும். வேகமான எஸ்எஸ்டி இல்லாமல் முயலாதீர்கள். பொத்தான்களை அமைப்பதற்கே ஒரு வார இறுதி போய்விடும். கையேடு நூற்றுக்கணக்கான பக்கம். ஸ்டிக்கைவிட முதலில் வாங்க வேண்டியது தலையசைவைப் பின்தொடரும் கருவி என்பது என் உறுதியான கருத்து. எதிரியைக் கண்ணால் பிடித்து வைத்திருக்க முடியாதவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த ஸ்டிக்கும் உதவாது.

எனக்கு மிச்சமிருந்த பெரிய தடை வானில் எரிபொருள் நிரப்புவது. ஆஃப்டர்பர்னரில் ஓடித் தப்பியவரிடம் வீடு திரும்ப எரிபொருள் இருக்காது. எரிபொருள் தரும் டேங்கர் விமானத்தைத் தேடித்தான் போய், அது விடும் குழாயின் நுனியிலிருக்கும் கூடையில் நம் குழாயைச் செருக வேண்டும். “கூடையைப் பார்க்காதீர்கள், டேங்கரின் உடலைப் பாருங்கள்” என்று லீட் எத்தனையோ முறை சொல்லியும் என் கண் கூடைக்கே போகும், விமானம் ஊசலாடும். நேற்று முதல்முறையாகத் தொட்டி நிரம்பும்வரை பிரியாமல் இருந்தேன். லீட் ஒன்றும் சொல்லவில்லை. நான் வலப்பக்கம் விலகியதும், தன் முறைக்குக் காத்திருந்தவர் கூடைக்குப் பின்னால் வந்து நின்றார்.