‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்ற வரியை நம்பிச் சட்டம் படிக்கச் சேர்வோருக்கு

மதுரை அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்புக்கு 2018ஆம் ஆண்டு கிடைத்த இடத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு, அண்டை மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் சட்டத் துறையில் நான் சேர்ந்ததற்கு, கல்விக் கண்காட்சியில் என் தந்தையின் கையில் திணிக்கப்பட்ட கையேடுதான் காரணம். அதன் அட்டையில் ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அரசுக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய படிப்புக்குக் கல்விக் கடன் வாங்கினோம். இப்போது நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் ஜூனியர் வழக்கறிஞர். சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக, அந்த வரி எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பதை நான் கண்ட அளவில் எழுதுகிறேன்.

நான்காம் ஆண்டில் வேலைவாய்ப்புப் பிரிவில் தன்னார்வலராக இருந்தபோது, முந்தைய ஆண்டில் படித்து முடித்தவர்களின் பட்டியலைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. அறுபது பேருக்கு மேல் படித்த அந்த வகுப்பில், மாதச் சம்பளத்துக்கு வேலை பெற்றிருந்தவர்கள் ஒன்பது பேர். வழக்கறிஞராகத் தொழில் செய்யப் பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் எல்லோரும் ‘உயர் நீதிமன்ற வழக்கறிஞர்’ என்ற தலைப்பின் கீழ் வேலை பெற்றவர்களாகச் சேர்க்கப்பட்டிருந்தனர். தந்தையின் அலுவலகத்திலேயே போய் உட்கார்ந்தவரும் அதில் ஒருவர். கையேட்டில் வரிசையாக இருந்த பெரிய சட்ட நிறுவனங்களின் சின்னங்கள், எந்த மாணவராவது ஒரு மாதம் பயிற்சிக்குச் சென்று வந்த இடங்களுடையவை. ‘அதிகபட்ச ஆண்டு ஊதியம்’ என்று போட்டிருந்த தொகையோ கணினி அறிவியல் துறை மாணவர் ஒருவருடையது. பல்கலைக்கழகம் ஒன்றுதானே என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள்.

இவற்றையெல்லாம் விளம்பர வழக்கம் என்றுகூட விட்டுவிடலாம். யாரை வைத்துச் சதவீதம் கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் உண்மையான சூட்சுமம் இருந்தது. இறுதிப் பருவத்தில், வளாக நேர்காணலில் பங்கேற்க விருப்பமில்லை என்று எழுதிய படிவம் ஒன்று எங்களிடம் நீட்டப்பட்டது. அந்த ஆண்டு வந்த நிறுவனங்களே நான்குதான். அவற்றில் ஒன்று காப்பீட்டு விற்பனைக்கு ஆள் தேடி வந்தது. நேர்காணலுக்குச் சென்று தேர்வாகாதவர்களையும் அழைத்து அதே படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்திட்டால்தான் பாக்கி எதுவும் இல்லை என்னும் நோ டியூ சான்றிதழ், அது இருந்தால்தான் மாற்றுச் சான்றிதழ் என்று அலுவலகத்தில் சொன்னதால், ஐந்து ஆண்டுகள் சட்டம் படித்த நானும் அதை முழுதாக வாசித்துவிட்டே கையெழுத்திட்டேன். கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் கணக்கிலிருந்து வெளியேறினோம். மிஞ்சியவர்களில் நூறு சதவீதம் பேருக்கு வேலை கிடைத்திருந்தது.

அத்துடன் முடியவில்லை. சட்டக் கல்லூரிகளுக்கு இந்திய பார் கவுன்சில் தரும் ஒப்புதலைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நீட்டித்துக்கொள்ள வேண்டும். எங்கள் கல்லூரி அதில் இழுத்தடித்திருந்ததால், 2023இல் நான் வழக்கறிஞர் பதிவுக்கு விண்ணப்பித்தபோது கல்லூரியின் கடிதம் கேட்டார்கள். அது வந்து சேர ஏழு மாதங்கள் ஆயின. கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஓராண்டு வரைதான் தவணை கேட்க மாட்டார்கள். அதில் பாதிக்கு மேல் இப்படியே கரைந்தது.

ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று, 2024இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது உண்மை. என் முதல் சீனியர் 5,000 கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; கட்சிக்காரர்கள் வாய்தாவுக்கு வந்தால்தான் அவருக்கே பணம் வரும். நானும் மாதிரி நீதிமன்றப் போட்டிகளுக்கு ஆங்கிலத்தில் வாதம் தயாரித்தேனே தவிர, ஒரு பட்டாவையோ அடங்கலையோ வில்லங்கச் சான்றையோ கல்லூரியில் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. மதுரைக் கல்லூரியிலேயே படித்த என் பள்ளித் தோழி, மூன்றாம் ஆண்டிலிருந்து மாலை நேரங்களில் ஒரு சீனியரின் அலுவலகத்தில் வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் பழகியவர். எனக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அவர் தனியாக வக்காலத்து போடத் தொடங்கிவிட்டார்.

ஆகவே வேலையை மனத்தில் வைத்துக் கல்லூரி தேடுவோர், வேலை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன், அந்த ஆண்டு படித்து முடித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கேளுங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் தரும் விவரத்தில் இந்த இரண்டு எண்களும், சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை ஊதியமும் இருக்கும். அதுவும் கல்லூரியே தரும் கணக்குதான் என்றாலும், கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஒப்புதல் எந்த ஆண்டு வரை என்பதைக் கடிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். கிளாட் நுழைவுத் தேர்வு எழுதித் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றவர்களும், பெரிய நிறுவனங்கள் பெங்களூரு, ஐதராபாத், கொல்கத்தா போன்ற சில பழைய வளாகங்களையே முதலில் நாடுகின்றன என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ‘படித்து முடித்ததும் நீதிபதித் தேர்வு’ என்று எங்களிடம் சொன்னதையே இன்றும் எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் பணி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்துவிட்டது.

வழக்குத் தொடர்ந்திருக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று 2010இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கேள்வியை ஆராய 2020இல் ஒரு மேல்முறையீட்டை அதே நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. என் கையெழுத்திட்ட படிவம் வேறு அவர்களிடம் இருக்கிறது.

சென்ற மாதம் அதே வேலைவாய்ப்புப் பிரிவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, புதிய கையேட்டுக்காகக் கவுன் அணிந்த என் படம் ஒன்றைக் கேட்டார்கள். விருப்பமில்லை என்று நான் கையெழுத்திட்ட படிவத்தின் நகலை முதலில் அனுப்புங்கள் என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.