ஆன்கி, சொல் பட்டியல், ஃபிரேஸ்பேங்க்: தீசிஸ் எழுதி முடித்த பிறகு ஒரு மதிப்பீடு

ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் அரசுக் கல்லூரியில் வேதியியல், அதற்குப் பிறகு தருமபுரிப் பக்கத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளூரைடு பற்றி பிஎச்.டி. இப்படி வந்தவர்களுக்குப் பாடம் புரிவதில் பெரிய சிக்கல் இருக்காது. ஆய்வகத்திலும் தடுமாற மாட்டோம். ஆங்கிலத்தில் பேப்பர் எழுத உட்காரும்போதுதான் கை நின்றுவிடும். ஸ்காலராகச் சேர்ந்த காலத்தில் தொடங்கி, தீசிஸ் கொடுத்த பிறகும் நான் பயன்படுத்தி வரும் சில கருவிகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு மாதம் பயன்படுத்திவிட்டு எழுதும் ரிவ்யூவில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால்தான் எது நிற்கிறது, எது தானாகக் கழன்றுபோகிறது என்று தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல் பட்டியல்கள் எனக்குப் படிக்க உதவின, எழுத உதவவில்லை. எழுதக் கை கொடுத்தவை என் துறைக் கட்டுரைகளிலிருந்து நானே பொறுக்கியெடுத்த சொற்றொடர்கள். மற்றக் கருவிகள் எல்லாம் இந்தப் பொறுக்கல் வேலைக்கு எவ்வளவு துணை நின்றன என்பதை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறேன்.

பட்டியலில் இருந்தே தொடங்கலாம். அகாடமிக் வேர்ட் லிஸ்ட் என்பது நியூசிலாந்தில் வெலிங்டனின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் எவரில் காக்ஸ்ஹெட் உருவாக்கியது, 2000ஆம் ஆண்டு வெளியானது. கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறைகளின் கல்வி நூல்களும் கட்டுரைகளுமாகச் சுமார் 35 லட்சம் சொற்களைச் சேர்த்து, அதில் எல்லாத் துறையிலும் பரவலாக வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரே வேரில் பிறந்த சொற்களின் தொகுதிகளை) எடுத்தார். அன்றாட ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் முதல் 2000 சொற்குடும்பங்களை முன்கூட்டியே கழித்துவிட்டார். மிச்சம் உள்ள இந்த 570தான் ஒரு கல்விசார் கட்டுரையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சொற்களைத் தருகிறது. அதிகம் வருவது முதலில் என்று பத்துப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 60, கடைசியில் மட்டும் 30. இலவசமாகக் கிடைக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது, இதற்கு ஒரு முடிவு இருக்கிறது என்பதுதான். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வின் பயிற்சிப் புத்தகங்களில் வரும் 'லொக்வேஷியஸ்' (வாயாடி) போன்ற சொற்களை எந்த நீர்வேதியியல் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தை இந்தப் பட்டியலுக்குக் கொடுப்பது எவ்வளவோ மேல். முதல் மூன்று நான்கு பகுதிகளை முடித்ததுமே கட்டுரை படிக்கும் வேகம் கூடியது, ஒவ்வொரு வரியிலும் அகராதியைத் திறக்கும் வேலை குறைந்தது.

ஆனால் பட்டியல் சொல்லைத் தனியாகக் கொடுக்கிறது. அதில் 'கான்சென்ட்ரேட்' குடும்பம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் தமிழ்ப் பொருளுடன் கூடிய பட்டியல்களில் கவனம் செலுத்துதல் என்று போட்டிருப்பார்கள். எங்கள் துறையில் அது எப்போதும் செறிவுதான். 'சிக்னிஃபிகன்ட்' என்று சும்மா எழுதினால், ஜர்னலுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் ரிவியூவர் உடனே பி-வேல்யூ (புள்ளியியல் சோதனையில் வரும் எண்) எங்கே என்று கேட்பார். இதற்கெல்லாம் பட்டியலைக் குறை சொல்ல முடியாது. எல்லாத் துறைக்கும் பொதுவாகச் செய்த ஒன்று ஒரு துறையின் உள்வழக்கை எப்படிச் சொல்லும்?

அடுத்தது ஆன்கி. 2006இலிருந்து இருக்கும் ஃபிளாஷ்கார்டு மென்பொருள். மறக்கப்போகும் நேரம் பார்த்து கார்டைத் திரும்பக் காட்டும். கம்ப்யூட்டரில் இலவசம், ஆண்ட்ராய்டில் ஆன்கிட்ராய்டு என்ற பெயரில் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு. பார்க்க அழகாக இருக்காது. அமைப்புகள் பக்கத்தைத் திறந்தால் பாதிப் பேர் அங்கேயே ஓடிவிடுவார்கள். என்னிடம் இன்றும் தினமும் திறக்கப்படும் ஒரே கருவி இதுதான்.

அதில் கிடைக்கும் ரெடிமேட் டெக்குகளை, அதாவது பிறர் செய்துவைத்த கார்டுக் கட்டுகளை, பரிந்துரைக்க மாட்டேன். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் பொருள் என்று ஆயிரம் கார்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு ஒரு பத்தி எழுத உட்கார்ந்தால் அவற்றில் ஒன்றுகூட வராது. பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, தேவைப்படும்போது கைக்கு வருவது வேறு. கோடிட்ட இடத்தை நிரப்பும் 'க்ளோஸ்' வகைக் கார்டுக்கு மாறியபோதுதான் ஆன்கியின் பலன் எனக்குக் கிடைத்தது. அதிலும் பெரிய சொல்லை மறைப்பதில் பயன் குறைவு. அதற்குப் பக்கத்தில் நிற்கும் சின்னச் சொல்லை மறைக்க வேண்டும். 'ரேஞ்ச்ட்' தெரியும், அதற்குப் பின் 'ஃப்ரம்', நடுவில் 'டு' என்பது கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 'எக்சீட்' தெரியும், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை ஒரு கிணற்றின் ஃபுளூரைடு தாண்டியது என்று எழுதும்போது தமிழில் 'விட அதிகம்' என்று நினைக்கிற மனம் 'எக்சீடட் தேன்' (exceeded than) என்று எழுதவைக்கும். அங்கே 'தேன்' வராது. 'டிஸ்கஸ்ட் அபவுட்', 'எம்ஃபசைஸ்ட் ஆன்', 'கம்ப்ரைசஸ் ஆஃப்' எல்லாம் இதே ரகம், கடைசிச் சின்னச் சொல் வேண்டாதது. நம் ஊர் ஆங்கிலத்தில் இவை காலங்காலமாகப் புழங்குவதால் காதுக்குச் சரியாகவே படும், அதுதான் தொல்லை. இதற்கென்றே ஒரு டெக் வைத்திருக்கிறேன். எழுத்தில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் அதிலிருந்துதான் வந்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கோடையில் மாதிரி எடுக்க ஊர் ஊராகப் போய்விட்டுத் திரும்பினால் ஆன்கியில் நூற்றுக்கணக்கான கார்டுகள் வட்டி போட்டுக் காத்திருக்கும். பலர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். 2023 கடைசியில் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய கணக்கீட்டு முறையை ஆன்கிக்குள்ளேயே சேர்த்தார்கள். அதை இயக்கிய பிறகு எனக்குத் தினசரி வரும் கார்டுகள் நன்றாகவே குறைந்தன, நினைவில் குறை தெரியவில்லை. அதைவிட முக்கியம், ஒரு நாளைக்குப் புதிய கார்டு ஐந்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது.

கார்டுக்கு வாக்கியம் எங்கிருந்து எடுப்பது? முதலில் நான் போனது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகாடமிக் ஃபிரேஸ்பேங்க். ஜான் மார்லி தொகுத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை ஆய்வேடுகள் நூற்றிலிருந்து சொற்றொடர்களை எடுத்துத் தொடங்கிய தொகுப்பு இது. முன்னுரை, முந்தைய ஆய்வுகளைச் சுட்டுதல், முறை, முடிவு, விவாதம் என்று கட்டுரையின் பகுதி வாரியாக அடுக்கியிருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

எங்கள் லேபில் இதைக் காட்டியபோது வந்த முதல் கேள்வி, "அப்படியே எடுத்துப் போட்டா சிமிலாரிட்டி ரிப்போர்ட்ல மாட்டாதாக்கா?" என்பதுதான். நியாயமான பயம், மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் அறிக்கை அது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி பத்து விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. பொதுவாக எல்லோரும் எழுதக்கூடிய தொடர்கள் 14 சொற்கள் வரை தொடர்ச்சியாக ஒத்திருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. ஃபிரேஸ்பேங்கில் இருப்பவை கருத்தோ தரவோ இல்லாத வெறும் சட்டகங்கள். பெரும்பாலானவை அந்த நீளத்துக்குள் அடங்கிவிடும்.

அதில் எனக்கு அதிகம் பயன்பட்டது 'பீயிங் காஷஸ்' (எச்சரிக்கையாகச் சொல்லுதல்) என்ற பகுதி. பரீட்சை விடைத்தாள் எழுதிப் பழகிய நமக்கு அடித்துச் சொல்லத்தான் வரும். விடைத்தாளில் தயங்கினால் மதிப்பெண் போய்விடும் அல்லவா? ஆய்வுக் கட்டுரையில் தலைகீழ். பாறையில் உள்ள ஹார்ன்பிளெண்டு, பயோடைட்டு போன்ற கனிமங்கள் சிதைவதால்தான் ஃபுளூரைடு கூடியது என்று 'ப்ரூவ்ஸ்' போட்டு எழுதினால், நீ அதை நேரில் பார்த்தாயா என்று ரிவியூவர் கேட்பார். 'மே பி அட்ரிப்யூட்டட் டு' (காரணமாக இருக்கலாம்) என்று போட்டால் அதே கருத்து சண்டையில்லாமல் உள்ளே போகிறது. என் கைடு ஒரு டிராஃப்டைப் படித்துவிட்டு, "ஏம்மா, கிணத்துத் தண்ணிக்கு கோர்ட்டு தீர்ப்பு எழுதி வெச்சிருக்க?" என்றார். அந்த வாரம் முழுக்க இந்தப் பகுதியிலிருந்துதான் கார்டு போட்டேன்.

ஃபிரேஸ்பேங்கின் கெடுதல், எல்லோரும் அதைப் படிப்பதுதான். 'இன் ரீசன்ட் இயர்ஸ், தேர் ஹேஸ் பீன் அன் இன்க்ரீசிங் இன்ட்ரஸ்ட் இன்' என்று தொடங்கும் முன்னுரைகளைப் படித்துப் படித்து எனக்கே அலுத்துவிட்டது. முன்னுரைக்கு அதைவிட மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் எழுதிய மாதிரி நல்ல வழிகாட்டி. களத்தைச் சொல், அதில் உள்ள இடைவெளியைக் காட்டு, அந்த இடத்தில் நீ என்ன செய்கிறாய் என்று சொல், அவ்வளவுதான். எந்த வாக்கியம் எதற்கு என்று தெரிந்துவிட்டால் சொற்றொடரை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அப்படித்தான் சொந்த நோட்டு தொடங்கியது. என் துறையில் நல்ல ஜர்னல்களில் வந்த, தெளிவாக எழுதப்பட்ட சில கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, வரம்பைச் சொல்ல, ஒப்பிட, காரணம் கற்பிக்க, முந்தைய ஆய்வோடு ஒத்துப்போகிறது என்று சொல்ல, குறையை ஒப்புக்கொள்ள என்று வேலை வாரியாகத் தொடர்களை எழுதிவைத்தேன். சொல் வாரியாக எழுதாதீர்கள். எழுதும்போது மனதில் இருப்பது சொல்ல வேண்டிய வேலைதான். எந்தச் சொல் வேண்டும் என்று தெரிந்தால் ஏன் தேடப்போகிறோம்? அச்சில் வந்த கட்டுரை என்பதாலேயே அதன் ஆங்கிலம் சரி என்று நம்பவும் முடியாது. 'எக்விப்மென்ட்ஸ்', 'ரிசர்ச்சஸ்' என்று வேண்டாத பன்மையெல்லாம் அச்சிலேயே பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் ஸ்கெல் என்ற இலவசத் தளத்தில் சொல்லைப் போட்டால் அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று எடுத்துக்காட்டுகளுடன் காட்டும். கூகுள் ஸ்காலரில் மேற்கோள் குறிக்குள் முழுத் தொடரைப் போட்டு எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதும் உண்டு. அகராதி என்றால் லாங்மேன்தான் என் தேர்வு. பொருளை ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள்ளேயே சொல்லிவிடுகிறார்கள், ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய் மூன்று சொல்லில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கருவிகள் எதுவும் தொடாத ஒரு சிக்கல் உண்டு, தமிழில் யோசிப்பவர்களுக்கே உரியது. "ஆழ்துளைக் கிணறுகளில் நீரை எடுத்து, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, குளிர்பெட்டியில் வைத்து, ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து அளந்தோம்" என்பது நமக்கு ஒரே மூச்சில் வரும் இயல்பான வாக்கியம். வினையெச்சம் எத்தனை சேர்த்தாலும் தமிழ் தாங்கும். அதே கோவையை 'ஆண்ட்', 'ஆண்ட்' போட்டு ஆங்கிலத்தில் கொண்டுபோனால் ஐந்து வரிக்கு ஒரு வாக்கியம் வரும். காரணம் முன்னே, முடிவு கடைசியில் என்ற நம் வரிசையும் அங்கே படிப்பவரைக் காக்கவைக்கும். நான் செய்தது இதுதான்: முதலில் தமிழிலேயே எழுதி, ஒவ்வொரு எச்சத்தின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, எந்தக் கோட்டில் வாக்கியத்தை முறிக்கலாம் என்று முடிவு செய்த பிறகே ஆங்கிலத்துக்குப் போவது. மெதுவான வேலைதான். முறைப் பகுதி எழுதும்போது இன்றும் செய்கிறேன்.

கிராமர்லி பற்றிச் சுருக்கமாக. இலவசப் பதிப்பே போதும். எழுத்துப்பிழை, ஒருமை பன்மை எல்லாம் பிடிக்கும். 'த' (the) போடுவதா 'எ' (a) போடுவதா என்பதில் மட்டும் அதை முழுதாக நம்பாதீர்கள். நீங்கள் சொல்வது முன்பே குறிப்பிட்ட அதே கிணறா, ஏதோ ஒரு கிணறா என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். முறைப் பகுதியில் இருக்கும் செயப்பாட்டு வினைகளை மாற்றச் சொல்லித் தொல்லை கொடுத்தாலும் கண்டுகொள்ள வேண்டாம்.

சாட்ஜிபிடி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். என் டிராஃப்டை நானே எழுதி முடித்த பிறகு, ஒரு பத்தியைக் கொடுத்து எதை, ஏன் மாற்றினாய் என்று கேட்க அது நன்றாக இருக்கிறது. அதில் கிடைப்பவற்றில் சில கார்டாகவும் மாறும். முழுதாக எழுதச் சொன்னால் வழவழவென்று வரும், ஆனால் தரவு சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிடும், இல்லாத கட்டுரைகளையும் மேற்கோள் காட்டிவிடும். பெரிய பதிப்பகங்கள் பலவும் ஏஐயை ஆசிரியராகப் போடக் கூடாது என்கின்றன. எழுத அதைப் பயன்படுத்தியிருந்தால் வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அது வந்து பதில் சொல்லப்போவதும் இல்லை.

என் நோட்டைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு. நைட்ரேட்டில் வேலை செய்யும் ஜூனியருக்கு ஏறக்குறைய முழுதும் பயன்பட்டது. விலங்கியல் துறைத் தோழி ஒருத்தி இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தாள். அவள் படிப்பது தவளைகளின் குரலை. அவளுக்கு அதில் 'ரேஞ்ச்ட் ஃப்ரம்' தவிரப் பெரிதாக எதுவும் ஒத்துவரவில்லை. இப்போது அவளே தன் துறைக் கட்டுரைகளிலிருந்து தனியாக ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.