எலெக்ட்ரிக்கலா, எலெக்ட்ரானிக்ஸா? பொதுப் பாடங்களை அடித்துவிட்டுப் பாருங்கள்

பொறியியலில் இந்த இரண்டு பிரிவுகளில் எதில் சேர்வது என்று குழப்பமா? இரண்டு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து, இரண்டிலும் வரும் பாடங்களைப் பேனாவால் அடியுங்கள். கணிதம், சர்க்யூட் தியரி, கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், மைக்ரோபிராசசர் எல்லாம் போய்விடும். மிஞ்சுவதுதான் உங்கள் முடிவுக்கு உதவும். எலெக்ட்ரிக்கலில் மெஷின்ஸ், பவர் சிஸ்டம்ஸ், பழுது வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வைக்கும் புரொடெக்‌ஷன் ரிலே நிற்கும். எலெக்ட்ரானிக்ஸில் கம்யூனிகேஷன், சிக்னல் பிராசசிங், சிப் வடிவமைப்பான வி.எல்.எஸ்.ஐ. நிற்கும். அங்கே மின்சாரம் ஆற்றலைச் சுமக்கிறது, இங்கே தகவலை. நிகழ்தகவு என்றாலே ஒதுங்குபவர் கம்யூனிகேஷனில் திணறுவார். சிக்னலில் கலக்கும் இரைச்சலைக் கணக்கிட அதைவிட்டால் வழியில்லை.

மின்வாகனத்தில் பேட்டரியின் டி.சி.யை மோட்டாருக்கு ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரில் இரண்டு துறைகளும் ஒரே பலகையில் சந்திக்கின்றன. மோட்டாரின் ஒவ்வொரு ஃபேஸுக்கும் மேலும் கீழுமாக இரண்டு சுவிட்சுகள். ஒன்று அணைந்து முடிவதற்குள் மற்றது ஆன் ஆனால், பேட்டரி நேராக ஷார்ட் ஆகி இரண்டுமே வெடிக்கலாம். அதனால் நடுவே மிகச் சிறிய இடைவெளி, பெரும்பாலும் ஓரிரு மைக்ரோ விநாடியோ அதற்கும் குறைவாகவோ, விடுவார்கள். அதுதான் டெட் டைம். அந்த இடைவெளியை மைக்ரோகன்ட்ரோலரில் எழுதுவது பெரும்பாலும் எலெக்ட்ரானிக்ஸ்காரர். இடைவெளி கூடினால் மோட்டாரின் மின்னோட்ட அலை கோணலாகி டார்க் (சுழற்றும் விசை) அதிர்வதைக் கண்டுபிடிப்பவர் எலெக்ட்ரிக்கல்காரர்.

வேலையின் தன்மையும் வேறு. எலெக்ட்ரிக்கலில் டிரான்ஸ்ஃபார்மர் பல பத்தாண்டுகள் ஓடும். கற்ற பாடமும் மெதுவாகத்தான் பழசாகும். ஆனால் சைட், ஷிஃப்ட், ஷட்டவுன் நேரத்து இரவு வேலை உண்டு. சிப் வடிவமைப்பில் மேசை வேலைதான், ஆனால் கருவிகள் சீக்கிரம் மாறும். தயாரான சிப்பில் பிழை தெரிந்தால் பெரும்பாலும் சிப்பை அச்சிடும் அச்சான மாஸ்க்கையே திருத்தி மறுபடி தயாரிக்க வேண்டிவரும். அதனால் தயாரிப்புக்கு முன்பே பிழை தேடும் வெரிஃபிகேஷனுக்கு நிறைய ஆட்கள் தேவைப்படுகிறார்கள். புதிதாக நுழைபவருக்கு அந்தக் கதவு நல்லது. அனலாக் டிசைனுக்குப் பெரும்பாலும் முதுகலை எதிர்பார்ப்பார்கள். மென்பொருளுக்குப் போக இரண்டிலும் வழி உண்டு, அதற்காக மட்டும் இவற்றில் சேர வேண்டாம்.

கல்லூரிக்குப் போனால் லேபைப் பாருங்கள். மோட்டாருக்கு லோடு கொடுத்து மாணவர்களே அளவெடுக்கிறார்களா? சர்க்யூட்டை நாமே மாற்றி மாற்றி அமைத்துப் பார்க்கும் எஃப்.பி.ஜி.ஏ. போர்டு கைக்குக் கிடைக்கிறதா, கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கிறதா?

மின்வாகனம்தான் ஆசை என்றால் எலெக்ட்ரிக்கலில் சேர்ந்து மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல் எழுதும் எம்பெடட் பாடத்தை எலெக்டிவாக (விருப்பப் பாடமாக) எடுங்கள். மைக்ரோகன்ட்ரோலரை ஒரு சின்ன போர்டு வாங்கி வீட்டிலேயே பழகலாம். மூன்று ஃபேஸ் மோட்டாரை வீட்டு மேசையில் லோடு போட்டுப் பழக முடியாது.